வடக்குச் சுவரில் ஓர் ஆள் அளவு ஓட்டை

புனே,
9 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெர்சோன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே சுகமாக இருக்கிறேன். முதுகுவலி போய்விட்டது, ஆகவே தைலம் அனுப்ப வேண்டாம். என் வீட்டுக்காரி ஜெனிபா மஸ்கட்டிலிருந்து உன்னை விசாரித்தாள். ஆஸ்பத்திரியில் அவள் வேலையை இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்திருக்கிறார்கள். நம் பையன் கிறிஸ்வின் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் ஒழுங்காகச் சாப்பிடுவதாகச் சொல்கிறான், நம்ப வேண்டியதுதான். உன் காது எப்படி இருக்கிறது? காதுக் கருவியை மாட்டிக்கொள்கிறாயா, இல்லை அதுவும் நான் அனுப்பிய போனைப் போலப் பெட்டிக்குள் கிடக்கிறதா? போனில் எவ்வளவு கத்தினாலும் உனக்குக் கேட்காததால் இந்தக் காலத்திலும் நாம் தபால்காரருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நான் பேனாவும் தாளுமாக உட்காருவதைப் பார்த்து ஆபீசில் சிரிக்கிறார்கள்.

ஒரு நல்ல செய்தி. நம் ஆலயத்துக்கு நூற்றைம்பது வயதாகப்போகிறது என்றும், இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டலாமா, பழுதுபார்த்து வைத்துக்கொள்ளலாமா என்று கமிட்டியில் வாக்குவாதம் என்றும் எழுதியிருந்தாய். நான் நம் சபைப் போதகர் ஐயரிடம் பேசினேன். எங்கள் கம்பெனி மூலமாக ஆலயம் முழுவதையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் மாடலாகக் கட்டித் தருவதற்கு ஏற்பாடு செய்துவிட்டேன். முக்காலியில் ஒரு கருவியை நிறுத்துவார்கள். அது சுற்றிக்கொண்டே நாலாபக்கமும் ஒளியை வீசி, படுகிற இடத்திலெல்லாம் ஒரு புள்ளி வைக்கும். கோடிக்கணக்கான புள்ளிகள். அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் தூண், வளைவு, உத்தரம், சுவரின் சாய்வு எல்லாம் இம்மி பிசகாமல் வந்துவிடும். அதை வைத்து எங்கே பழுது, எப்படிச் சரிசெய்வது என்று இன்ஜினியர் முடிவெடுப்பார். அந்தப் புள்ளிகளைச் சேர்க்கிற வேலைதான் என்னுடையது. நம் ஆலயத்தையே நான் இங்கிருந்து கட்டப்போகிறேன், அக்கா.

மாத்திரைகளை மறக்காதே.

உன் தம்பி,
ஜெர்சோன்


சங்கரன்கோவில்,
20 ஜூன் 2024

பிரியமுள்ள தம்பி ஜெர்சோனுக்கு,

ஜீவரத்தினம் எழுதிக்கொள்வது. உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. உடம்பு நன்றாக இருக்கிறது. காதுக் கருவி நாய்க்குட்டி மாதிரி ஊளையிடுகிறது, அதனால் அது உறங்குவதே எல்லோருக்கும் நல்லது. நம் தெருத் தறிச் சத்தமும் எனக்கு இப்போது கேட்பதில்லை. நீ கவலைப்படாதே, தனியாக இருக்கிறேன் என்று நினைக்காதே. சாயங்காலம் நாலு மணிக்கு டியூஷன் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள், வீடு நிறைந்துவிடும். பக்கத்து வீட்டு ஹஸ்னா பானு வாரத்தில் இரண்டு நாளாவது ஏதாவது செய்து கொண்டுவருகிறாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. அவளுக்கும் காது கேட்காது போல.

ஆலயம் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். நான் முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியவள், ஆகவே சந்தேகம் கேட்பேன். அந்தக் கருவி சுவரை ஊடுருவிப் பார்க்குமா? ஒரு பொருள் மறைத்துக்கொண்டிருந்தால் அதற்குப் பின்னால் இருப்பது தெரியுமா? மறைக்கிற பொருள் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? சுவரில் பழுது இருப்பதாக அது சொன்னால் ஆலயத்தை என்ன செய்வார்கள்? கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் எழுது.

ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் ஆட்களை அனுப்பிவைக்காதே. லாட்ஜில் அறை கிடைக்காது, தெருவில் நடக்க இடம் இருக்காது.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

அக்கா,
ஜீவரத்தினம்


புனே,
2 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன், உன் சுகம் அறிந்து சந்தோஷம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை, அதைத் தவிரக் குறை ஒன்றும் இல்லை.

டீச்சரின் கேள்விகளுக்குப் பதில். கருவி சுவரை ஊடுருவாது. நம் கண்ணுக்குத் தெரியாதது அதற்கும் தெரியாது. யாராவது நடந்துபோனால் புகை போல ஒரு கீற்று விழும், அதைத் துடைத்துவிடலாம். அசையாமல் ஒன்று நின்றால்தான் தொந்தரவு. பின்னால் உள்ள சுவர் விட்டுப்போகும். அதனால் ஒரே இடத்தில் எடுக்காமல் பல இடங்களில் முக்காலியை வைத்து எடுப்போம். ஒரு பக்கம் மறைந்தது இன்னொரு பக்கமிருந்து விழுந்துவிடும். சுவரோடு ஒட்டிய பொருள் என்றால் எந்தப் பக்கமிருந்தும் விழாது. ஆகவே பாட்டுப் புத்தக அலமாரியையும் சுவரோரப் பெஞ்சுகளையும் நடுவில் இழுத்துப் போடும்படி எபினேசரிடம் சொல். மணி அடிப்பதைத் தவிர அவனும் ஏதாவது செய்யட்டும்.

பழுது சின்னதாக இருந்தால் பூசிவிடுவார்கள். சுவர் பிளந்திருந்தால், சரிசெய்யும்வரை ஆலயத்தை மூடச் சொல்வார் இன்ஜினியர். மதுரையிலிருந்து செண்பகவல்லி என்று ஒரு அம்மா வருவார். கண்டிப்பானவர். எத்தனை நாள் மூடுவார்கள் என்று சொல்ல முடியாது, கமிட்டியின் வேகத்தைப் பொறுத்தது. நம் கமிட்டியின் வேகம் உனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் ஐந்து முதல் எட்டு வரை ஷாஜித் என்பவர் வருகிறார். கடையநல்லூர்க்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், தங்கமான மனுஷன். சாப்பாட்டை மட்டும் கவனித்துக்கொள்.

அன்புடன்,
ஜெர்சோன்


சங்கரன்கோவில்,
12 ஆகஸ்ட் 2024

பிரியமுள்ள தம்பிக்கு,

இந்த வரியை எழுதும்போது உடம்பிலும் மனதிலும் ஒரு குறையும் இல்லை. உன் துணி காய்ந்ததா?

ஷாஜித் வந்து வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார். நான் சோறு கொடுக்கிறேன் என்று எழுதிக் காட்டியும் கேட்காமல் நாலு நாளும் பிரியாணி சாப்பிட்டார். பிரியாணிக்குப் பேர்போன இந்த ஊருக்கு வந்துவிட்டுச் சோறு தின்றால் வீட்டில் கேட்பார்களாம். கருவி பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை, ரேடியோப் பெட்டி அளவுதான். அது சுற்ற ஆரம்பித்ததும் எபினேசர் ஓடிப்போய்த் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். தலைக்குச் சாயம் அடிக்கவில்லையாம், பதிந்துவிடுமாம். ஐயர் வந்து ஜெபம் செய்து ஆரம்பித்துவைத்தார். ஷாஜித்தும் கைகளை ஏந்தி நின்றார். பார்க்க நன்றாக இருந்தது.

டியூஷன் பிள்ளைகளுக்குக் காலாண்டுப் பரீட்சை வருகிறது, அதனால் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. மாடல் எப்போது முடியும்? இன்ஜினியர் அம்மா எப்போது பார்ப்பார்? சுவர்கள் எல்லாம் நன்றாகத்தானே இருக்கின்றன?

உடனே எழுது. மழையில் நனையாதே.

அக்கா,
ஜீவரத்தினம்


புனே,
1 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த மாதம் நான் உன்னை விசாரிக்க வேண்டியதே இல்லை. தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஷாஜித் அனுப்பிய ஸ்கேனை வரிசையாகத் திறந்தேன். முதல் ஸ்கேனில் வடக்குச் சுவரோரம், நாலாவது சன்னலுக்குக் கீழே, ஒரு நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். நீ. மடியில் கைகளைக் கோத்து, சுவரில் முதுகைச் சாய்த்து, நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். இரண்டாவதிலும் நீ. உள்ளே எடுத்தவை மொத்தம் இருபத்தொன்பது, எல்லாவற்றிலும் நீ இருக்கிறாய். ஷாஜித்திடம் கேட்டேன். "உங்க அக்கான்னு சொன்னாங்க சார், எந்திரிங்கன்னு கைய காட்டுனேன், காதத் தொட்டுக் காட்டிச் சிரிச்சாங்க. அதுக்கு மேல என்னத்தச் சொல்ல" என்றார். ஒரு மனுஷி இவ்வளவு அசையாமல் இருந்து அவர் பார்த்ததில்லையாம்.

உன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் அக்கா. இளைத்திருக்கிறாய். இடது தோள் இறங்கியிருக்கிறது. பின்பக்கமாகத் திருப்பினால் ஒன்றும் இல்லை, முகமும் மடியும் மட்டும்தான், முதுகே கிடையாது. எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும். ஒவ்வொரு ஸ்கேனிலும் நேரம் பதிவாகும். காலை ஒன்பதரைக்கு இருக்கிறாய். மதியம் ஒன்று பத்துக்கும் இருக்கிறாய். நாலு மணிக்கும் நாலே முக்காலுக்கும் அதே நாற்காலிதான். அப்போது டியூஷன் பிள்ளைகள் எங்கே?

வேலை சம்பந்தமாக இன்னொன்று. நீ ஒரே இடத்தில் இருந்ததால் உனக்குப் பின்னால் உள்ள சுவர் எதிலும் விழவில்லை. உன்னை எடுத்துவிட்டால் அங்கே உன் அளவுக்கு ஓர் ஓட்டை. வெளிப்பக்கமிருந்து பார்க்கலாம் என்றால் அங்கே ஜெனரேட்டர் கொட்டகை மறைக்கிறது. சின்ன ஓட்டைகளைக் கம்ப்யூட்டரே சுற்றியிருக்கும் சுவரைப் பார்த்து அடைத்துவிடும். இது பெரியது, அப்படி அடைக்க எனக்கு மனமில்லை. பழக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாய் போல. பரவாயில்லை.

பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜெர்சோன்


சங்கரன்கோவில்,
10 செப்டம்பர் 2024

தம்பிக்கு,

சுகம். அங்கேயும் சுகம்தானே.

அந்தச் சன்னலுக்குக் கீழே காற்று நன்றாக வரும். அதனால் உட்கார்ந்தேன். அந்த நாலு நாளும் டியூஷனுக்கு லீவு விட்டிருந்தேன். தோள் இறங்கியிருந்தால் வயது ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

ஓட்டையை அடைத்துவிடு. கம்ப்யூட்டரே அடைக்கும் என்று நீதானே எழுதியிருக்கிறாய். சுற்றியுள்ள சுவர் எப்படியோ அப்படித்தான் அதுவும் இருக்கும். ஒரு முழ அகலச் சுவருக்காக ஆட்களைத் திரும்ப அலையவைக்காதே.

நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

ஜீவரத்தினம்


புனே,
24 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

உடம்பைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே ஓட்டையை அடைத்தேன். நீ கேட்டதற்காக. ஒரு பொத்தான்தான், மூன்று விநாடி ஆகவில்லை. வழவழப்பான சுவர் வந்துவிட்டது. ஒரு நாள் முழுக்க அதை அப்படியே வைத்திருந்தேன். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நீ என்னிடம் எதுவும் கேட்டதில்லை என்று எழுதியிருந்தாய். உண்மைதான். அப்படிப்பட்டவள் ஒரு முழச் சுவரை ஏன் கேட்கிறாய் என்று நினைத்தேன். எபினேசருக்குப் போன் செய்து, நாற்காலியை நகர்த்திப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

"ஏலே ஜெர்சோன், சன்னலுக்குக் கீழ இருந்து தரை வரைக்கும் பொளந்து கெடக்குலே. என் வெரலு முழுசா உள்ள போகுது. இத்தன நாளு பெஞ்சு மறச்சிருந்துச்சு, ஒருத்தரும் பாக்கல" என்றான். பிறகு அவனாகவே சொன்னான். "அக்கா காலைல வருதாவ. நான் சாயங்காலம் கதவப் பூட்டப் போகும்போதுதான் எந்திரிக்காவ. ரெண்டு வருசமா இப்படித்தான். அவிய கிட்ட டியூசனுக்கு இப்ப யாருலே வாரா, காது போனதோட பிள்ளைகளும் போயிட்டுல்லா."

நீ வேண்டுமென்றே மறைத்தாய். எதை மறைத்தால் விழாது என்று என்னிடமே கேட்டு, நான் சொன்ன பதிலை வைத்தே மறைத்தாய். எனக்குக் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. அது எட்டடி உயரத்தில் சன்னல் வளைவைத் தாங்குகிற சுவர். அதன் மேல் முதுகைச் சாய்த்து ரெண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறாய். ஒரு மழை போதும். ஞாயிற்றுக்கிழமை அங்கே இருநூறு பேர் உட்காருகிறார்கள், அதையாவது யோசித்தாயா?

அடைத்ததை எடுத்துவிட்டேன். படத்தையும் அளவையும் சேர்த்து ரிப்போர்ட்டை செண்பகவல்லி அம்மாவுக்கு நேற்று அனுப்பிவிட்டேன். மூடச் சொல்வார்கள். என்னை மன்னித்துக்கொள்.

ஜெர்சோன்


புனே,
20 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? நான்கு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபாலில் தவறியிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அப்படி நினைப்பதை இப்போது நிறுத்திவிட்டேன்.

ஆறாம் தேதி ஆராதனை முடிந்ததும் ஆலயத்தைப் பூட்டிவிட்டதாக ஐயர் சொன்னார். இனி ஞாயிறு ஆராதனை பள்ளிக்கூட ஹாலிலாம். கமிட்டியில் இடிக்கிற பேச்சு அடங்கிவிட்டதாம், மாடலைத் திரையில் பார்த்ததும் பழுதுபார்ப்பதற்கே எல்லோரும் கை தூக்கினார்களாம். ஆலயம் பிழைத்துவிட்டது, அக்கா. வேலை எப்போது ஆரம்பிக்கும் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

நீ இங்கே வந்துவிடேன். என் வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. உன்னை அழைத்துவர யாரையாவது ஏற்பாடு செய்கிறேன். யோசித்து எழுது.

உன் தம்பி,
ஜெர்சோன்


புனே,
15 நவம்பர் 2024

அக்கா,

நான் சுகம். நீ?

எபினேசரிடம் கேட்டேன். நீ கடைக்குப் போகிறாய், ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் கடைசி வரிசையில் உட்காருகிறாய், யாரிடமும் பேசுவதில்லை என்றான். ஹஸ்னா பானுவைப் போய்ப் பார்த்துவரச் சொன்னேன். "அவிய புளியங்குடிக்குக் குடிபோயி ரெண்டு வருசமாச்சே, ஒனக்குத் தெரியாதா" என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது. நீ எழுதவில்லை.

ஒரு வரியாவது எழுது. திட்டியாவது எழுது.

ஜெர்சோன்


சங்கரன்கோவில்,
28 நவம்பர் 2024

தம்பி ஜெர்சோனுக்கு,

கை கால் சுகமாக இருக்கிறது. இரண்டு நாளாக மழை. நீ திட்டச் சொன்னதால் எழுதுகிறேன்.

ஹஸ்னா பானு போய்விட்டாள். பிள்ளைகளும் வருவதில்லை, அவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது என்று தெரிந்ததும் சேட்டை ஆரம்பித்தது, பெற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அம்மா இருந்தவரைக்கும் அவள் படுக்கையைச் சுற்றியே என் நாள் ஓடிவிடும். அவளை அடக்கம் செய்த பிறகு, காலையில் எழுந்து பல் விளக்கினால் அன்றைய வேலை முடிந்துவிடுகிறது. இதையெல்லாம் உனக்கு எழுதியிருந்தால் என்ன செய்திருப்பாய்? இன்னொரு போன் அனுப்பியிருப்பாய். அதனால் இருந்தவர்களையே இருப்பதாக எழுதினேன். எழுதுகிற நேரத்தில் எனக்கும் அவர்கள் இருந்த மாதிரி இருந்தது.

ஆலயத்துக்கு ஏன் போனேன் என்று நீ கேட்கவே இல்லை. கடையில், கல்யாண வீட்டில், பஸ்சில், எல்லா இடத்திலும் நான் செவிடுதான். என்னிடம் பேச வருகிறவர்கள் பாதியில் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆலயத்தில் பகல் நேரம் யாரும் யாரோடும் பேசுவதில்லை. வருவார்கள், உட்காருவார்கள், கண்ணை மூடுவார்கள், போவார்கள். அங்கே எனக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் கிடையாது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ராஜகுமாரி என்று ஒரு பெண் வெள்ளிக்கிழமை தோறும் பஸ் ஏறி வருவாள். நம் சபை இல்லை. அவள் வீட்டுக்காரர் விபத்தில் படுத்திருக்கிறார். வந்து என் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அழுதுவிட்டு, போகும்போது என் கையை ஒரு தரம் பிடித்துவிட்டுப் போவாள். ஒரு வாரத்தில் என்னை ஒரு மனுஷி தொடுவது அந்த ஒரு தடவைதான். இப்போது அவள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பாள். அவள் வீடு எது என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பிளவை முதலில் பார்த்தவள் நான்தான். முதலில் தலைமுடி அளவு இருந்தது. பிறகு பென்சில் நுழைந்தது. மாதம் ஒரு தடவை பென்சிலை விட்டுப் பார்ப்பேன். ஐயரிடம் சொன்னால் பூட்டுவார்கள் என்று தெரியும். குருவிகுளம் பக்கத்தில் ஒரு சின்ன ஆலயத்தை அப்படித்தான் பூட்டினார்கள், ஒன்பது வருஷமாகப் பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது. எனக்கு அறுபத்துமூன்று வயது. ஒன்பது வருஷத்தை நான் எங்கே போய் உட்கார்ந்து கழிப்பேன்? பெஞ்சை நகர்த்தச் சொல்லி நீ எழுதியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நாலு நாளும் பகலில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, எழுந்திருக்க வேண்டி வரும் என்று.

இருநூறு பேரை யோசித்தாயா என்று கேட்டாய். யோசிக்கவில்லை. செண்பகவல்லி அம்மா வந்தபோது என் கையைப் பிடித்து அந்தப் பிளவுக்குள் விட்டுக் காட்டினார். உதிர்ந்த காரையைத் தட்டிவிட்டதும் மணிக்கட்டு வரைக்கும் போயிற்று. பாட்டுப் பாடுகிற பிள்ளைகள் அந்த வரிசையில்தான் நிற்பார்கள். அன்று வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று அழுதேன். நீ ரிப்போர்ட் அனுப்பியது சரி. என் பாவத்திலிருந்து என்னைத் தப்புவித்தாய். அதில் உன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கோபம் வேறு. என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் என்று எழுதினாயே, தோள் இறங்கியிருக்கிறது, இளைத்திருக்கிறேன் என்று. அதைப் பார்க்க உனக்கு ஒரு கருவி வேண்டியிருந்தது. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு மறுநாளே ரயில் ஏறினாய், மூன்றரை வருஷமாயிற்று. ஆலயத்துக்கு ஆள் அனுப்பினாய். என்னை அழைத்துப்போகவும் ஆள் அனுப்புகிறேன் என்கிறாய். ஒரு தடவை நீ வந்து என் முன்னால் உட்கார்ந்திருந்தால், நான் அந்தச் சுவருக்குக் காவல் இருந்திருக்க மாட்டேன்.

திட்டிவிட்டேன். மாத்திரை சாப்பிடுகிறேன். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா,
ஜீவரத்தினம்


புனே,
7 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எல்லாம் உண்மை.

நானும் உனக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. ஜெனிபா விசாரித்தாள் என்று ஜூன் மாதக் கடிதத்தில்கூட எழுதினேன். அவளும் நானும் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சண்டை என்று ஒன்றும் இல்லை, பேச்சு குறைந்துகொண்டே வந்து நின்றுவிட்டது. கிறிஸ்வின் மாதம் ஒரு தடவை எழுதும் இரண்டு வரியில்தான் இருவரும் உயிரோடு இருப்பது இருவருக்கும் தெரிகிறது. ஊருக்கு வந்தால் நீ என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய். அதனால் வரவில்லை. இந்த நாலு மாதமாக மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்த ஒன்று பத்து ஸ்கேனைத் திறந்துவைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். நீ எதிரே உட்கார்ந்திருப்பாய்.

வடக்குச் சுவரைத் திரும்ப ஸ்கேன் செய்து ஷாஜித் அனுப்பிவிட்டார். நாற்காலி இல்லை, நீ இல்லை, பிளவு முழுதாக இருக்கிறது. ஆட்களை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் கட்டடத்தை ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. இருபத்தொன்பது ஸ்கேனிலிருந்தும் உன்னை நானே ஒவ்வொன்றாக அழித்தேன். வேறு ஆளிடம் கொடுக்க மனம் வரவில்லை. கடைசியில் அழித்தது மதியம் ஒன்று பத்து. அழித்துவிட்டு நிமிர்ந்தபோது மேசையில் டிபன் பாக்ஸ் மூடியபடியே இருந்தது, எதிரே யாரும் இல்லை. உடனே டிக்கெட் போட்டேன்.

இருபத்தொன்றாம் தேதி காலை பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறேன். ஒரு மாத லீவு. வேலைக்காக அல்ல. கரிவலம்வந்தநல்லூருக்குப் போய் ராஜகுமாரியின் வீட்டை விசாரிப்போம். உனக்கு என்ன வாங்கி வர வேண்டும் என்று எழுது.

உன் தம்பி,
ஜெர்சோன்


சங்கரன்கோவில்,
14 டிசம்பர் 2024

என் தம்பிக்கு,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது, நீ கிளம்புமுன் கிடைக்கட்டும் என்று இதை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன் என்று இதுவரை எழுதியதை எல்லாம் விட்டுவிடு, இன்றைக்கு எழுதுவதை நம்பு.

ஜெனிபாவைப் பற்றி நீ வந்த பிறகு பேசுவோம். நீ சத்தமாகப் பேச வேண்டாம், என் நோட்டில் எழுது, பிழை இருந்தால் திருத்துவேன். எதுவும் வாங்கி வராதே. இரண்டு பேருக்குச் சமைத்துப் பழக்கம் விட்டுப்போயிற்று, முதல் நாள் உப்பு முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்.

ஸ்டேஷனுக்கு நான் வரவில்லை, மழைத் தண்ணீரில் தெரு வழுக்குகிறது. வீட்டுக்கு வந்து கதவைத் தட்டிக்கொண்டு நிற்காதே. பகலில் நான் தாழ் போடுவதில்லை. யாராவது வந்து தட்டி, எனக்குக் கேட்காமல், திரும்பிப் போய்விடுவார்களோ என்று அம்மா போனதிலிருந்து சும்மா சாத்தித்தான் வைத்திருக்கிறேன். மூன்றரை வருஷத்தில் ஒரு திருடன்கூடத் தள்ளிப் பார்க்கவில்லை.

நீ தள்ளிக்கொண்டு வா.

அக்கா,
ஜீவரத்தினம்